பந்து மலைப்பாம்பின் வயிற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது?

பரிசோதனை மேசைக்கு வரும் மலைப்பாம்பில் நான் முதலில் பார்ப்பது அதன் வயிற்றுப்புறத்தைத்தான். இரு கைகளாலும் உடலைத் தாங்கி மெல்லத் திருப்பினால், அகன்ற வயிற்றுச் செதில்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று சீராக அடுக்கப்பட்டு, தந்த நிறத்தில் உலர்ந்து தெரிய வேண்டும். அவற்றின் ஓரத்தில் பழுப்புக் கறையோ, இளஞ்சிவப்புத் தடிப்போ, நீர் கோத்த சிறு கொப்புளமோ தென்பட்டால், இரையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே வளர்ப்பவரிடம் கூண்டின் தரையைப் பற்றிக் கேட்டுவிடுவேன். என்ன போட்டிருக்கிறீர்கள், எவ்வளவு ஆழத்துக்குப் போட்டிருக்கிறீர்கள், அதற்கு எப்படித் தண்ணீர் விடுகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் பதில், பல நேரங்களில் ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே நோயின் வேரைக் காட்டிவிடுகிறது.

பாம்பு வளர்ப்பவர்கள் சப்ஸ்ட்ரேட் என்று சொல்லும் இந்த அடிவிரிப்பை, அழுக்கை உறிஞ்சுவதற்காகக் கீழே பரப்பும் ஒரு பொருள் என்று மட்டும் எண்ணுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. பால் பைத்தான் (Ball Python) என்ற பெயரில் விற்கப்படும் பந்து மலைப்பாம்பு, மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் உள்ள புல்வெளிகளையும் மரங்கள் அடர்ந்திராத திறந்த காடுகளையும் சேர்ந்தது. அச்சம் ஏற்பட்டால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடுவதால் இந்தப் பெயர் வந்தது. பகல் முழுவதும் அது எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒடுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகே வெளியே வருகிறது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை நம் மொழியில் பழமொழியாகவே நிலைத்திருக்கிறது. இந்தப் பாம்பைப் பொறுத்தவரை அது சொல்லுக்குச் சொல் உண்மை.

அந்தப் புற்றுக்குள் இருக்கும் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வெளியே கோடைக் காற்று புல்லைக் காய வைத்துக்கொண்டிருந்தாலும், ஆழத்து மண் தனக்குள் வைத்திருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே இருப்பதால் வளைக்குள் காற்று குளுமையாகவும் ஈரமாகவும் இருக்கும். ஆனால் பாம்பு படுத்திருக்கும் தரை சேறாக இருப்பதில்லை. ஈரம் காற்றில் இருக்க வேண்டும், பாம்பின் வயிற்றுக்கு அடியில் தேங்கக் கூடாது. அடிவிரிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மனத்தில் நிறுத்த வேண்டிய அளவுகோல் இது ஒன்றே என்பதும், எந்தப் பொருளின் பெயரும் இதற்குப் பிறகுதான் வர வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

இந்த அளவுகோல் இரண்டு பக்கமும் தவறிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் தம் பாம்பை நாள்தோறும் மாற்றிய செய்தித்தாளின் மேல் வளர்த்து வந்தார். அவரளவுக்குத் தூய்மையில் கவனமாக இருப்பவரைக் காண்பது அரிது. ஆயினும் அந்தப் பாம்பின் கண்கள் மங்கிப் பழைய கண்ணாடிபோல் இருந்தன. பாம்புகளுக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒளி புகும் ஒரு செதில்தான், சட்டை உரிக்கும்போது அதுவும் சட்டையோடு சேர்ந்து கழன்று வர வேண்டும். பெரிதாக்கும் கண்ணாடி வழியே பார்த்தபோது, ஒரு கண்ணின் மேல் பழைய செதில் கழலாமல் தங்கி, அதன் ஓரம் காய்ந்த பசையைப் போலச் சுருங்கி எழும்பியிருந்தது. வாலின் நுனியில் பழைய தோல் வளையமாக இறுகியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி கருகிப்போயிருக்கும். காகிதம் ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை என்பதும், மேலே வலைமூடி போட்டு விளக்கின் வெப்பம் இறங்கும் கூண்டில் காற்று சில மணி நேரத்திலேயே வறண்டுவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஈரத் துணியிட்ட வெதுவெதுப்பான பெட்டியில் அந்தப் பாம்பைச் சில நாள் சிறிது சிறிது நேரம் வைத்திருந்த பிறகு, தோல் தானாகவே இளகி வந்தது. இடுக்கியால் கண்செதிலைப் பிடித்து இழுப்பதை எந்தச் சூழலிலும் வீட்டில் செய்யாதீர்கள். கீழே இருக்கும் கண்ணே சேதமடையலாம்.

இன்னொருவர் செய்தது நேர்மாறானது. ஈரப்பதம் வேண்டும் என்று படித்துவிட்டு, தேங்காய் நார்க்கழிவுத் தூளான கோகோபீட்டைப் பரப்பி, அதன் மேல் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை நீர் தெளித்து வந்தார். அவருடைய ஈரப்பதமானி 70 விழுக்காடு காட்டியது. அந்த எண்ணில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் மேற்பரப்பு எப்போதும் நனைந்தே இருந்ததால், பாம்பின் வயிற்றுத்தோல் ஓயாமல் ஊறி, செதில்களுக்கு இடையே கொப்புளங்கள் எழுந்து, சில உடைந்து புண்ணாகியிருந்தன. செதில் அழுகல் என்று வளர்ப்பவர்கள் சொல்லும் நோய் இதுதான். ஊறி மென்மையான தோலில் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் எளிதில் குடியேறுகின்றன. கவனிக்காமல் விட்டால் அவை இரத்தத்தில் கலந்து உயிரையே பறித்துவிடும். மருந்தோடு உலர்ந்த காகித விரிப்பும் சரியான வெப்பமும் கொடுத்ததில் அந்தப் பாம்பு பிழைத்தது. வடுக்கள் மங்குவதற்குப் பல முறை சட்டை உரிக்க வேண்டியிருந்தது. ஈரப்பதமானியின் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது என்று நான் ஒவ்வொருவரிடமும் வலியுறுத்துவதற்குக் காரணம் அந்தப் பாம்பே.

அப்படியானால் காற்றை ஈரமாகவும் மேற்பரப்பை உலர்வாகவும் வைத்திருப்பது எப்படி என்று கேட்கலாம். விடை ஆழத்தில் இருக்கிறது. ஒரு விரல்கடை அளவு பரப்பிய எந்தப் பொருளும் ஒன்று முழுவதும் நனைந்திருக்கும், இல்லையென்றால் முழுவதும் காய்ந்திருக்கும். இடைப்பட்ட நிலை அதற்குக் கிடையாது. 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பிவிட்டு, மேலே தெளிப்பதற்குப் பதிலாகக் கூண்டின் மூலைகளில் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினால், அது அடியில் பரவி அடுக்கின் கீழ்ப்பாதியை மட்டும் நனைக்கும். மேல்பாதி உலர்ந்திருக்க, வெப்பம் கீழிருக்கும் ஈரத்தைச் சிறிது சிறிதாகக் காற்றுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். பிடி உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே பல நாள் இறங்கிக் கிடக்காமல் 70-ஐ ஒட்டி நிற்பதே நான் பரிந்துரைக்கும் அளவு. அப்படியும் காற்று விரைவில் வறண்டுபோனால், தண்ணீரைக் கூட்டுவதற்கு முன் வலைமூடியின் ஒரு பகுதியை மறைத்துப் பாருங்கள். முழுவதும் மூடிவிடாதீர்கள், காற்றோட்டம் இல்லாத ஈரம் பூஞ்சணத்துக்குத்தான் உதவும்.

இந்த வேலையைச் செய்யக்கூடிய பொருள்களில் தேங்காய் மட்டைச் சில்லுகளுக்கே என் முதல் பரிந்துரை. அவை தமக்குள் நீரை இழுத்து வைத்துக்கொள்கின்றன, எளிதில் பூஞ்சணம் பிடிப்பதில்லை, சில்லுகளுக்கு இடையே காற்றும் புகுகிறது. சைப்ரஸ் மரச் சீவலும், ஆர்க்கிட் செடிகளுக்குப் பயன்படும் ஃபர் மரப்பட்டைத் துண்டுகளும் ஏறக்குறைய இதற்கு இணையானவை. தூளான கோகோபீட்டைத் தனியே பரப்புவதை நான் விரும்புவதில்லை: காய்ந்தால் தூசியாகப் பறந்து, மூக்குத் துளையிலும், பாம்பு வெப்பத்தை உணரும் உதட்டுக் குழிகளிலும் படிகிறது, நனைந்தால் களியாக ஒட்டுகிறது. சில்லுகளோடு மூன்றில் ஒரு பங்கு கலந்தால் இரண்டு குறைகளும் அடங்கிவிடுகின்றன. தோட்டப் பயன்பாட்டுக்கான கோகோபீட்டில் உப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து பயன்படுத்துவது நல்லது. உரம் கலந்த தொட்டி மண்ணையோ, பூச்சிமருந்து பட்டிருக்கக்கூடிய தோட்டத்துப் பட்டைகளையோ கூண்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஆஸ்பென் மரச் சீவல் தீங்கற்றது, பாம்பு உள்ளே புகுந்து வழி அமைத்தால் சரியாமல் நிற்கும். ஆனால் ஈரம் பட்டால் சில நாளில் பூஞ்சணம் பூத்துவிடும். வறண்ட நிலையில் வாழும் வேறு பாம்புகளுக்கு அது நன்றாகப் பொருந்தலாம், பந்து மலைப்பாம்புக்கு அது ஓயாத தொல்லை. மணலும் அக்ரூட் ஓட்டுத் தூளும் வேண்டவே வேண்டாம். துணிபோன்ற ஊர்வன விரிப்புகள் கழுவக் கழுவ உள்ளே அழுக்கைச் சேர்த்துவைக்கின்றன.

சீடர் மரச் சீவலைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் நறுமணத்துக்காகவே அதை விரும்பி வாங்குபவர்கள் உண்டு. அந்த மணம் ஆவியாகும் எண்ணெய்களிலிருந்து வருகிறது. மூடிய கூண்டில், வெதுவெதுப்பான வெப்பத்தில், அந்த ஆவியை இரவும் பகலும் மூச்சில் இழுக்கும் பாம்பின் மூச்சுப் பாதை புண்படுகிறது. பாம்புகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லாததால், உள்ளே சேரும் சளியை இருமி வெளியேற்ற அவற்றால் இயலாது. வாயைத் திறந்து மூச்சு விடுவதும், தொண்டையில் களகளவென்ற ஒலி கேட்பதும், மூக்கில் குமிழி எழுவதும் நோய் முற்றிய பிறகே தெரிகின்றன. பைன் மரச் சீவல் சூளையில் உலர்த்தப்பட்டிருந்தால் அதன் எண்ணெய் பெருமளவு குறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் வேறு நல்ல பொருள் கைக்கு எட்டும்போது அந்தச் சந்தேகத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும் என்பதே என் நிலை.

ஆழமான விரிப்புக்கு மாறுபவர்கள் வெப்பத்தை மீண்டும் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும். கூண்டுக்கு அடியில் ஹீட் மேட் என்னும் வெப்பமூட்டும் விரிப்பு இருந்தால், தடித்த விரிப்பு அதன் வெப்பத்தை மேலே வரவிடாமல் அடியிலேயே அடைத்துவிடும். மேலே குளிராக உணரும் பாம்பு வெப்பத்தைத் தேடித் தோண்டிக்கொண்டு போய், மிகச் சூடான கண்ணாடியின் மேல் நேராகப் படுத்துவிடும். வயிறு வெந்துகொண்டிருக்கும்போதும் பல பாம்புகள் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. ஆகவே ஆழமான விரிப்புக்கு மேலிருந்து இறங்கும் வெப்பமே ஏற்றது. எந்தக் கருவியாக இருந்தாலும், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடக் கூடாது. வெப்பமான பக்கத்தில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸும், மறுபக்கத்தில் 25 முதல் 27 டிகிரியும் பாம்பு படுக்கும் உயரத்திலேயே அளந்து பாருங்கள்.

துகள்களை விழுங்கிக் குடல் அடைத்துவிடுமோ என்ற அச்சத்தால் பலர் காகிதத்தை விட்டு மாறத் தயங்குகிறார்கள். போதுமான வெப்பமும் நீரும் உள்ள நலமான பாம்பு, இரையோடு ஒட்டிச் செல்லும் ஓரிரு சில்லுகளைப் பெரும்பாலும் தொல்லையின்றிக் கழித்துவிடும். வறட்சியில் வாடும் பாம்புக்கே ஆபத்து மிகுதி. உறைபெட்டியிலிருந்து எடுத்து இளக வைத்த எலியைத் துணியால் ஒற்றி உலர்த்திக் கொடுத்தால் துகள்கள் ஒட்டுவது வெகுவாகக் குறையும். இரை உண்ட மறுநாள் வாயோரத்தில் சில்லு செருகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பதும் நல்லது. வாய்ப்புண்கள் சில அப்படித்தான் தொடங்குகின்றன.

காகிதத்தை நான் முற்றிலும் ஒதுக்குவதாக எண்ண வேண்டாம். புதிதாக வந்த பாம்பைத் தனிமைப்படுத்தி வைக்கும் முதல் இரண்டு மூன்று மாதங்களிலும், காயமோ அறுவைச் சிகிச்சையோ ஆன பிறகும், பாம்புச் சிற்றுண்ணி தொற்றியிருக்கும்போதும் காகிதத்துக்கு இணையானது எதுவும் இல்லை. சிற்றுண்ணிகள் பாம்பின் உடலை விட்டு இறங்கி, இருண்ட ஈரமான இடுக்குகளில் முட்டையிடுகின்றன. மரப்பட்டை விரிப்பு அவற்றுக்கு ஆயிரம் இடுக்குகளைக் கொடுத்துவிடும். வெள்ளைக் காகிதத்தில் ஊரும் கரும்புள்ளியும், எச்சத்தின் நிறமும், இரத்தத் துளியும் உடனே கண்ணில் படும். இந்தக் காலத்தில் ஈரத்துக்காக, மூடியுள்ள சிறு பெட்டியில் நன்றாகப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை நிரப்பி, பாம்பு நுழையும் அளவு துளையிட்டு உள்ளே வைத்தால் போதும். அது வேண்டும்போது புகுந்துகொள்ளும், வேண்டாதபோது வெளியே வந்துவிடும்.

எச்சத்தையும், அதோடு வரும் சுண்ணாம்புபோன்ற வெண்கட்டியையும், அவற்றைச் சுற்றி நனைந்த சில்லுகளையும் கண்ட அன்றே அகற்றிவிட்டால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுவது போதுமானது. நாட்காட்டியைவிட மூக்கை நம்புங்கள்: மழை பெய்த மண்ணின் வாசனை இருந்தால் நலம், புளித்த நெடியோ, கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடியோ எழுந்தால் அன்றே மாற்ற வேண்டும். காலிக் கூண்டைக் கழுவும்போது பினாயில் வகைக் கிருமிநாசினிகளை அருகில் கொண்டுவராதீர்கள். ஃபீனால் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, நீர்த்த பிளீச்சிங் கரைசலைச் சிறிது நேரம் விட்டு, நெடி முற்றிலும் போகும்வரை அலசிக் காய வைத்தால் போதும்.

மருத்துவரிடம் பாம்பைக் கொண்டுவரும்போது, கூண்டின் ஈரமான மூலையின் அடியிலிருந்து ஒரு பிடி விரிப்பையும் தனிப் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். கூண்டின் ஒளிப்படம், ஈரப்பதமானியை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள் என்பது தெரியும்படி எடுத்தது, கைப்பேசியில் இருக்கட்டும். பாம்பைத் தொடுவதற்கு முன்பே நான் அந்தப் பிடியை முகர்ந்து பார்ப்பேன், பிழிந்து பார்ப்பேன், ஒரு வெள்ளைத் தாளில் உதறிப் பரப்பி ஏதேனும் ஊர்கிறதா என்று சற்று நேரம் காத்திருப்பேன்.