பெரமோன் கட்டிய தோட்டத்தில் பொறிவண்டுக்கு என்ன ஆகும்?

திராட்சைத் தோட்டத்தில் பெரமோன் கட்டச் சொன்னால் பலரும் முதலில் கேட்பது, “நல்ல பூச்சியும் சேர்ந்து செத்துவிடாதா?” என்றுதான். சாகாது. பெரமோன் விஷமே இல்லை. பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க விடும் வாசனை. அதைக் கசியவிடும் சிறு குழாய்களைக் கட்டி, தோட்டம் முழுக்கப் பரப்பிவிட்டால் ஆணுக்குத் திசை தெரியாது, இணை சேராது, முட்டையும் குறையும். லொபீசியா என்ற குலைப்புழுவின் அந்துப்பூச்சிக்கான வாசனையைப் பொறிவண்டோ சிலந்தியோ கண்டுகொள்வதில்லை. மாவுப்பூச்சியில் இன்னும் சுவாரசியம்: அதன் பெரமோனை மோந்து, மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும் அனகைரஸ் குளவியும் தேடி வருகிறது.

ஆனால் உண்மையான லாபம் நாம் அடிக்காமல் விடும் மருந்தில்தான் இருக்கிறது. பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி அடித்தால், இலையின் அடியில் செம்பேனைத் தின்று வாழும் இரைதின்னிப் பேன்கள் போய்விடும். அதன்பின் செம்பேன் கட்டுக்கடங்காமல் பெருகும். பெரமோன் கட்டிவிட்டு, தத்துப்பூச்சிக்காக அதே மருந்தை அடித்தால் கட்டிய செலவு பாதி வீண். கந்தகமும் அளவு மீறினால் இந்தப் பேன்களையும் அந்துப்பூச்சி முட்டைக்குள் முட்டையிடும் டிரைக்கோகிரம்மா குளவியையும் பாதிக்கும். இயற்கை மருந்துதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

அடுத்தது, ஆள் அடையாளம். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு, வெள்ளை மெழுகு நூல்களோடு அச்சு அசல் மாவுப்பூச்சி போலவே இருக்கும். நசுக்கும் முன் குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். நூல் நீளமாக, உடல் பெரிதாக, விறுவிறுவென்று நகர்ந்தால் அது நம் ஆள். மாவுப்பூச்சி அசைவதற்கே யோசிக்கும். பக்கத்தில் எறும்பு வரிசை இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். தேன்கழிவுக்காக எறும்புகள் மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று பொறிவண்டை விரட்டும்.

மஞ்சள் ஒட்டுப்பொறியையும் அளவோடு வையுங்கள். கண்ணாடி இறக்கைப் பூச்சிகளும் அதில் வந்து ஒட்டிச் சாகும். அவற்றில் கிரைசோபெர்லா என்ற வகையின் புழுதான் வேட்டையாடும். வளர்ந்த பூச்சி தேனும் மகரந்தமும் தேடித்தான் அலையும். அதனால் வரிசைகளுக்கு நடுவே பூத்திருக்கும் களையை ஒரேயடியாக வெட்டாமல் ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக வெட்டுங்கள். சரி, தோட்டம் சிறியதா? வெளியே இணைசேர்ந்த பெண் அந்துப்பூச்சிகள் எல்லை தாண்டி வந்து முட்டையிடும். பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டு, ஓரங்களில் கூடுதலாகக் கட்டினால்தான் வேலைக்கு ஆகும்.