யூசர் மெனு என்னும் பயனர் பட்டி: சொல்லும் பொருளும் அமைக்கும் முறையும்

பெரிய நிறுவனங்களின் வணிக மென்பொருளில் ஆயிரக்கணக்கான செயல்கள் இருக்கும். கிடங்குக் காப்பாளருக்கு அவற்றில் பத்து போதும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இருபது போதும். மென்பொருளுக்குள் நுழைந்ததும் அவரவர் வேலைக்கு வேண்டிய செயல்களை மட்டும் பிரித்து, பெயரிட்டு, வரிசையாகக் காட்டும் பகுதியையே யூசர் மெனு என்கிறோம். தமிழில் பயனர் பட்டி என்று சொல்லலாம். ஏன் ‘பட்டியல்’ இல்லை, ஏன் ‘நிரல்’ இல்லை என்பதற்கு வலுவான காரணம் உண்டு. அதற்கு முன் மெனு என்ற சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடுவோம்.

மெனு பிரெஞ்சுச் சொல். லத்தீனில் ‘சிறிதாக்கப்பட்ட’ என்று பொருள்படும் மினூட்டுஸ் என்பதிலிருந்து வந்தது. சிறியது, நுணுக்கமானது, விவரமாகப் பிரித்துக் காட்டியது என்று பொருள் விரிந்து, விருந்தில் என்னென்ன பரிமாறப்படும் என்ற விவரக் குறிப்புக்குப் பெயரானது. மணியைச் சிறு கூறாக்கிய மினிட்டும் இதே வேரில் முளைத்ததுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் காக்கும் ஒரு வேறுபாடு நமக்கு இங்கே உதவும். அவர்களுக்கு மெனு என்றால், உணவகமே முடிவு செய்து ஒரே விலையில் தரும் முழுச் சாப்பாடு. நம் ஊர் ‘மீல்ஸ்’ போல. தனித்தனி விலையோடு எல்லாப் பண்டங்களும் எழுதிய அட்டைக்குக் கார்த்து என்று பெயர். அதைப் பார்த்து வேண்டியதை மட்டும் கேட்டு வாங்குவதே ‘அ லா கார்த்து’. வணிக மென்பொருளிலும் இந்த இரண்டும் உண்டு. நிர்வாகி அமைத்துக் கொடுப்பது பயனர் பட்டி. பயனர் தானே பொறுக்கிச் சேர்த்துக்கொள்வது ஃபேவரிட்ஸ். முன்னதை மாற்றுவது கஸ்டமைசேஷன், பின்னதை மாற்றுவது பெர்சனலைசேஷன். தமிழில் இரண்டுக்கும் ‘தனிப்பயனாக்கம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். அது பின்னதற்குத்தான் பொருந்தும். ஒரு பணிப்பிரிவினர் அனைவருக்கும் சேர்த்து நிர்வாகி செய்யும் மாற்றத்தைத் ‘தகவமைப்பு’ என்று பிரித்துச் சொன்னால், யார் செய்த மாற்றம் என்ற குழப்பம் வராது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். மெனுவுக்குப் பட்டியல், நிரல், பட்டி மூன்றும் புழக்கத்தில் உள்ளன. பொதுவான கணினிப் பயன்பாட்டுக்கு எதையும் குறை சொல்ல முடியாது. வணிக மென்பொருளின் திரையில் வைத்துப் பார்க்கும்போதுதான் இடிக்கிறது.

‘பயனர் பட்டியல்’ என்று திரையில் எழுதிப் பாருங்கள். படிப்பவர் பயனர்களின் பெயர்ப் பட்டியல் என்றே எடுத்துக்கொள்வார். அதே திரையில் வாடிக்கையாளர் பட்டியல், பொருள் பட்டியல், விலைப்பட்டியல் எல்லாம் இருக்கும். பட்டியல் என்ற சொல் லிஸ்ட்டுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொடுக்கப்பட்டுவிட்டது. நிரல் அழகான சொல். வரிசை என்ற பொருளில் நிரல்நிறை என்ற இலக்கணச் சொல்லிலும் நிகழ்ச்சி நிரலிலும் இருக்கிறது. ஆனால் கணினித் தமிழில் அது புரோகிராமைக் குறிக்கத் தொடங்கி நெடுநாளாகிறது. ‘பயனர் நிரல்’ என்றால் பயனர் எழுதிய புரோகிராம் என்றாகிவிடும்.

திரை விட்டுத் திரை போவதைக் குறிக்கும் நேவிகேஷனுக்கும் இதே சிக்கல்தான். லத்தீனில் நாவிஸ் என்றால் கப்பல். கப்பலைச் செலுத்துவதே நேவிகேஷன். பழந்தமிழில் பயணத்துக்குச் ‘செலவு’ என்று பெயர். தலைவன் பிரிந்து போகாமல் நின்றுவிடுவதைச் செலவழுங்குதல் என்பார்கள். எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் கணக்கு மென்பொருளில் ‘செலவுப் பட்டி’ என்று வைத்தால் படிப்பவர் ரூபாய்க் கணக்கைத்தான் தேடுவார். இணையப் பக்கங்களில் நிலைத்துவிட்ட ‘வழிசெலுத்தல்’ போதும். நேவிகேஷன் மெனு வழிசெலுத்தல் பட்டி. அதில் ஒருவருக்கென்று வகுத்த பகுதி பயனர் பட்டி.

ரோல் என்ற சொல்லையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். ஒருவர் பார்க்கும் வேலைக்கு ஏற்ப வகுத்த செயல்களின் தொகுப்பே ரோல்; பயனர் பட்டி பெரும்பாலும் அதில்தான் அமைகிறது. நடிகருக்குரிய வசனத்தை எழுதிய காகிதச் சுருளே பிரெஞ்சில் ரோல். ‘பங்கு’ என்றால் வணிகத்தில் ஷேர்; ‘பாத்திரம்’ என்றால் பொருள் இருப்பில் உள்ள பாத்திரம். இலங்கைத் தமிழர் எழுதும் ‘வகிபாகம்’ எந்த வணிகச் சொல்லோடும் மோதாத நல்ல சொல். தமிழ்நாட்டு வாசகருக்குப் ‘பணிப்பொறுப்பு’ உடனே விளங்கும். இந்தக் கட்டுரையில் பணிப்பொறுப்பு என்றே எழுதுகிறேன்.

பட்டிக்கும் ஒரு குறை உண்டு. பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம். உசிலம்பட்டி, கோவில்பட்டி என ஊர்ப் பெயர்களின் ஈறு. அடைப்பு என்ற பொருள் மனத்தில் நிற்பதால், பட்டியில் இல்லாததைப் பயனர் தொடவே முடியாது என்று எண்ணத் தோன்றும். இந்த எண்ணம் தவறு. மென்பொருளில் பட்டி வழிகாட்டிப் பலகை மட்டுமே; பூட்டு வேறிடத்தில் இருக்கிறது. எங்கே என்பதை எஸ்ஏபி மென்பொருளை வைத்துப் பார்ப்போம். பேச்சில் இதையே சாப் என்கிறோம்.

1972இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்ஏபி நிறுவனத்தின் மென்பொருளில் நுழைந்தால் வரும் முதல் திரைக்கு ஈசி ஆக்சஸ் என்று பெயர். அதில் இரண்டு பட்டிகளை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கன்ட்ரோல் எஃப்11 அழுத்தினால் மொத்த மென்பொருளின் பொதுப் பட்டி. கன்ட்ரோல் எஃப்10 அழுத்தினால் பயனர் பட்டி. மேலே இடப்பக்க மூலையில் ஒரு சிறு கட்டம் இருக்கும். ஒவ்வொரு செயலுக்கும் டீகோட் என்ற குறுங்குறி உண்டு. அதை இந்தக் கட்டத்தில் தட்டினால் பட்டி இல்லாமலேயே செயல் திறக்கும். வழக்கமாக வரும் வாடிக்கையாளர் அட்டையைப் பார்க்காமலே ‘ஒரு ரவா தோசை’ என்று சொல்வது போல.

பயனர் பட்டியை அமைக்கும் டீகோட் பி.எஃப்.சி.ஜி. கிடங்கில் சரக்கு பெறுபவருக்கு ஒரு பட்டி அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தத் திரையில் பணிப்பொறுப்புக்கு 30 எழுத்துக்குள் ஒரு பெயர் கொடுத்து, ‘சிங்கிள் ரோல்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பெயர் இசட் அல்லது ஒய் எழுத்தில் தொடங்கட்டும். எஸ்ஏபி என்று தொடங்கும் பணிப்பொறுப்புகள் மென்பொருளோடு வருபவை. அவற்றை நேரடியாகத் திருத்தினால் அடுத்த பதிப்பு ஏறும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும். ஆகவே நகலெடுத்து நகலைத்தான் திருத்த வேண்டும்.

விளக்கத்தை எழுதிச் சேமித்தபின் ‘மெனு’ தாவலுக்குப் போங்கள். முதலில் கோப்புறைகள்: ‘சரக்கு வரவு’, ‘இருப்பு’ என இரண்டு போதும். முதலாவதில் சரக்கு நகர்வைப் பதியும் மிகோவையும், கொள்முதல் ஆணையைப் பார்க்க மட்டும் உதவும் எம்.இ.23.என்-ஐயும் சேருங்கள். இரண்டாவதில் ஒரு பொருளின் இருப்பைக் காட்டும் எம்.எம்.பி.இ, கிடங்கு முழுதின் இருப்பைக் காட்டும் எம்.பி.52, நடந்த நகர்வுகளின் ஆவணங்களைத் தரும் எம்.பி.51. இழுத்துவிட்டு வரிசையை மாற்றலாம். நாள் முழுக்கத் திறப்பது மேலே, மாதம் ஒருமுறை திறப்பது கீழே. அகர வரிசை இங்கே உதவாது. கோப்புறைக்குள் கோப்புறை என்று மூன்று நிலைக்கு மேல் போனால் யாரும் தேட மாட்டார்கள். டீகோடைத் தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிக்கொள்வார்கள். அப்படி ஒட்டிய தாள்கள் ஓர் அலுவலகத்தில் நிறைய இருந்தால், பட்டி சரியாக அமையவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பட்டி முடிந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கும். அடுத்தது ‘ஆத்தரைசேஷன்ஸ்’ தாவல். பூட்டு இங்கேதான் இருக்கிறது. எதைச் செய்யலாம் என்று குறித்துவைக்கும் அலகுக்கு அனுமதிப் பொருள் என்று பெயர். நீங்கள் பட்டியில் சேர்த்த ஒவ்வொரு டீகோடும் எஸ்_டீகோட் என்ற அனுமதிப் பொருளுக்குள் தானாக வந்து உட்காரும். கூடவே அந்தச் செயலுக்கு வேண்டிய மற்ற அனுமதிகளும் எஸ்.யு.24 என்ற டீகோடில் உள்ள முன்னிருப்புகளிலிருந்து வந்து சேரும். எந்த நிறுவனக் குறியீடு, எந்த ஆலை என்பதை நீங்கள் நிரப்ப வேண்டும். இந்தப் புலங்களின் பெயர்கள் இன்றும் ஜெர்மன் மொழியில்தான் உள்ளன: நிறுவனக் குறியீட்டுக்கு புக்ரஸ், ஆலைக்கு வெர்க்ஸ். சிவப்பு விளக்கு எரிந்தால் இந்த நிறுவன அளவிலான மதிப்புகள் காலியாக இருக்கின்றன; மஞ்சள் எரிந்தால் வேறு ஏதோ புலம் காலி. எல்லாம் பச்சையானபின் ‘ஜெனரேட்’ செய்து அனுமதிக் கோப்பை உருவாக்க வேண்டும். பிறகு ‘யூசர்’ தாவலில் பயனரின் பெயரும் செல்லுபடியாகும் தேதிகளும் கொடுத்து, ‘யூசர் கம்பேரிசன்’ பொத்தானை அழுத்த வேண்டும். பயனர் வெளியேறி மீண்டும் நுழைந்தால் பட்டி தெரியும்.

மிகுதியாக வரும் புகார் ‘பட்டியில் தெரிகிறது, தொட்டால் அனுமதி இல்லை என்கிறது’ என்பது. பெரும்பாலும் அந்தக் கம்பேரிசனை அழுத்தியிருக்க மாட்டார்கள். பணிப்பொறுப்பு பயனருக்கு வந்திருக்கும், ஆனால் அதன் அனுமதிக் கோப்பு அவருடைய பதிவில் ஏறியிருக்காது. பி.எஃப்.யு.டி டீகோடால் அதைச் சரிசெய்யலாம். நாள்தோறும் இரவில் பி.எஃப்.சி.ஜி_டைம்_டிபென்டென்சி என்ற வேலையை ஓடவிட்டால் தேதி தொடங்குவதும் முடிவதும் தானாகக் கவனிக்கப்படும். கம்பேரிசன் சரியாக இருந்தும் தடை வந்தால், தடைபட்ட உடனேயே பயனரை எஸ்.யு.53 டீகோடைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த அனுமதிப் பொருளில், எந்த மதிப்பு இல்லாமல் நின்றது என்று அது காட்டும். இடையில் வேறு வேலை பார்த்துவிட்டுத் திறந்தால் வேறெதையாவது காட்டி ஏமாற்றலாம்.

இதற்கு நேர்மாறான தவறு ஆபத்தானது. சரக்கை விற்றவர் அனுப்பும் விலைச்சீட்டைச் சரிபார்த்துப் பதியும் மிரோவைக் கிடங்குக் காப்பாளரின் பட்டியிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். அதே ஆளிடம் பழைய பணிப்பொறுப்பு ஒன்று இருந்து, அதன் எஸ்_டீகோடில் யாரோ ‘எம்’ எழுத்தோடு நட்சத்திரக்குறி போட்டு, எம்-இல் தொடங்கும் எல்லா டீகோடையும் திறந்து வைத்திருந்தால், சிறு கட்டத்தில் மிரோ என்று தட்டிய உடனே திரை திறக்கும். அதற்குள் பதிவு செய்யவும் மற்ற அனுமதிகள் இருந்தால் சரக்கைப் பெற்றவரே விலைச்சீட்டையும் பதிந்துவிடலாம். தணிக்கையில் மாட்டுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். ஒருவரால் எதைத் திறக்க முடியும் என்று அறியப் பட்டியைப் பார்க்கக் கூடாது, எஸ்.யு.ஐ.எம் அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும். பட்டி என்ற சொல்லின் அடைப்புப் பொருளை இங்கே மறந்துவிட வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

பட்டியில் சேர்க்காமல் எஸ்_டீகோடில் நேரடியாகக் குறியை எழுதிவிடும் பழக்கமும் நல்லதில்லை. செயல் பட்டியில் தெரியாது, எஸ்.யு.24 முன்னிருப்புகளும் வராது. பின்னால் வருபவருக்கு அது எதற்கு வந்தது என்றே புரியாது.

பல பணிப்பொறுப்புகளை ஒன்றாகக் கட்டிய காம்போசிட் ரோலில் ஒரு நுட்பம் உண்டு. அதற்கென்று தனிப் பட்டி இருக்கிறது. உள்ளிருக்கும் பணிப்பொறுப்புகளிலிருந்து ‘ரீட் மெனு’ வழியாகப் படித்தெடுத்த நகல் அது. உள்ளே ஒன்றில் புதிய செயல் சேர்த்தால் இந்த நகலில் தானாக வராது. மீண்டும் படித்தெடுக்க வேண்டும். ‘நான் சேர்த்துவிட்டேன், அவருக்கு வரவில்லை’ என்று மணிக்கணக்கில் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஒரே ஆளுக்குப் பத்துப் பணிப்பொறுப்புகள் இருந்தால் ஒரே செயல் நாலு இடத்தில் தெரியும். எஸ்.எம்.30 டீகோட் வழியாக எஸ்.எஸ்.எம்_கஸ்ட் என்ற அட்டவணையைத் திறந்து, டிலீட்_டபுள்_டீகோட்ஸ் என்ற வரிக்கு ‘யெஸ்’ (YES) என்று கொடுத்தால் இரட்டிப்பு மறையும். கண்டென்ஸ்_மெனு வரி ஒத்த கோப்புறைகளை ஒன்றாக்கும். சாப்_மெனு_ஆஃப் பொதுப் பட்டியை எல்லாருக்கும் மறைக்கும். இந்த அட்டவணை மொத்த அமைப்பையும் பாதிப்பதால் சோதனை அமைப்பில் பார்த்துவிட்டு மாற்றுங்கள். பொதுப் பட்டியை ஒருவருக்கு மட்டும் மறைக்க வேண்டுமென்றால் யூசர்ஸ்_எஸ்.எஸ்.எம் அட்டவணை போதும்.

ஃபேவரிட்ஸ் பயனரின் சொந்தப் பொறுப்பு; தமிழில் ‘விருப்பப் பட்டி’. பட்டியில் உள்ள செயலை வலச்சொடுக்கிச் சேர்க்கலாம், கோப்பாகத் தன் கணினியில் இறக்கி வேறொருவர் ஏற்றிக்கொள்ளவும் கொடுக்கலாம். அனுமதி மட்டும் அதோடு போகாது.

மற்ற கூட்டுச்சொற்களும் பட்டியிலிருந்தே எளிதாகப் பிறக்கும். சப்மெனு துணைப்பட்டி, வலச்சொடுக்கில் வருவது சூழல் பட்டி, கீழே விரிவது கீழ்விரி பட்டி, பட்டியில் உள்ள ஒவ்வொன்றும் உருப்படி. மேலே கிடைமட்டமாக நீளும் மெனு பாரைப் ‘பட்டிப்பட்டை’ என்றால் நாக்கு தடுக்கும். ‘மேற்பட்டி’ என்றால் ஊர்ப்பெயர் போல ஒலித்தாலும் சொல்ல எளிது. எஸ்ஏபியின் புதிய முகப்பான ஃபியோரி திரையில் மரம் போல விரியும் பட்டிக்குப் பதில் சதுரங்கள் வருகின்றன. அவற்றை ஓடு என்கிறார்கள், நல்ல பெயர். அங்கும் செயல்களைத் தேடும் ஆப் ஃபைண்டருக்குள் பழைய பயனர் பட்டியைக் காட்டும்படி அமைக்கலாம்.

தமிழில் கோப்புறைப் பெயர் வைக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியின் உரைகள் மொழிவாரியாகச் சேமிக்கப்படுகின்றன. நீங்கள் எந்த மொழியில் உள்நுழைந்து எழுதினீர்களோ அந்த மொழிக்கான உரையாகவே அது பதியும். வேறு மொழியில் நுழைபவருக்கும் சரியாகத் தெரிய வேண்டுமானால் அந்த மொழிக்கும் தனியாக எழுத வேண்டும். உருப்படியின் பெயரை வேலையின் பெயராகவே வையுங்கள்: ‘மிகோ’ என்றோ ‘பொருள் நகர்வு மேலாண்மை’ என்றோ வைக்காமல் ‘லாரி சரக்கை வரவு வைக்க’ என்று எழுதினால், முதல் நாள் வேலைக்கு வந்தவரும் கேட்காமல் திறந்துவிடுவார்.