ஒரே தேடல், ரெண்டு ஃபோன், ரெண்டு விடை

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் ஒரே மேசையில் உட்கார்ந்து ரெண்டு பேர் ஃபோனில் ஒரே சொல்லைத் தேடினாலும் பல நேரம் ஒரே மாதிரி விடை வராது. மொழி, பழைய தேடல்கள் எல்லாம் காரணம்தான். ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், அந்த ரெண்டு பேரில் ஒருவர், தேடல் நிறுவனம் புதிய வசதி ஒன்றைப் பார்க்க நடத்தும் ஏதோ ஒரு சோதனைக்குள் தனக்கே தெரியாமல் மாட்டியிருக்கலாம்.

நாமே விரும்பிச் சேர்கிற சோதனைகளும் உண்டு. கூகுள் 2002இல் லேப்ஸ் என்று ஒரு பக்கம் திறந்து அரைகுறை வசதிகளை வெளியே விட்டது. நாம் தட்டத் தட்டக் கீழே சொற்கள் வந்து விழுகின்றனவே, அது 2004இல் அங்கேதான் தலைகாட்டியது, முதல் பக்கத்துக்கு வந்து சேர 2008 ஆகிவிட்டது. 2011இல் அந்தக் கடையை மூடினார்கள். 2023இல் சர்ச் லேப்ஸ் என்று மறுபடி திறந்தார்கள், செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பதில் அந்த வழியாகத்தான் வந்தது. சிக்கல் என்னவென்றால், இப்படி வலியப் போய்ச் சேர்கிறவர்கள் புதுசு என்றாலே குஷியாகிற ஆட்கள். அவர்களுக்குப் பிடித்ததை வைத்து ஊருக்கே பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் கேட்காமலே பிரிக்கிறார்கள். உங்கள் பிரவுசரில் குக்கீயாக, அதாவது தளம் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பாக, ஓர் எண் உட்கார்ந்திருக்கும். அதோடு சோதனையின் பெயரையும் சேர்த்து ஒரு கணக்கில் போட்டுக் குழப்பி, வருகிற எண்ணை 1000ஆல் வகுத்து மீதியைப் பார்ப்பார்கள். மீதி 0 முதல் 9 வரை என்றால் உங்களுக்குப் புதிய வசதி, மற்றவர்களுக்குப் பழையது. நூற்றில் ஒருவர் என்று ஆகிறது. நாளைக்கு வந்தாலும் அதே எண், அதே குழு. இன்னொரு சோதனைக்குப் பெயர் வேறு என்பதால் மீதியும் மாறி ஆட்கள் புதிதாகக் கலைந்துவிடுவார்கள், ஒன்றின் பாதிப்பு மற்றதைச் சாய்க்காது.

சரி, நம் தீவுக்கு இதில் என்ன? மொரீஷியஸ் மக்கள்தொகையே 12 லட்சத்துச் சொச்சம். அதில் நூற்றில் ஒருவர், அவர்களிலும் தைப்பூசம் நெருங்கும்போது காவடித் தேதியைத் தேடுகிறவர்கள் என்று பார்த்தால் எத்தனை பேர் தேறுவார்கள்? காவடி என்பதை ஆங்கிலத்தில் நாம் சி எழுத்தில் தொடங்கி இரண்டு ஈ போட்டு முடிக்கிறோம், தமிழ்நாட்டில் கே போட்டுத் தொடங்குகிறார்கள். எழுத்துப்பிழை திருத்தும் ஒரு புதிய வசதி நம் வழக்கத்தைப் பிழை என்று முடிவு கட்டினாலும், உலகச் சராசரியில் அது துளிகூடத் தெரியாது. நம்மை மட்டும் பிரித்து அளக்கலாம்தான், ஆனால் ஆள் குறைந்தால் தற்செயல் ஏற்ற இறக்கம் பெருகும். அதைப் பாதியாக்க நாலு மடங்கு ஆட்கள் வேண்டும், அந்த நாலு மடங்குக்கு எங்கே போவது?

இதற்கு ஓரளவு கைகொடுப்பது, பழைய முறையும் புதிய முறையும் தரும் இரண்டு விடைப் பட்டியலையும் ஒரே பக்கத்தில் கலந்து காட்டுவது. தெருவில் பந்தாட ஆள் பிரிப்பது போல, பழைய முறையும் புதிய முறையும் மாறி மாறித் தங்களிடம் மிச்சமிருப்பதில் சிறந்ததை எடுத்து வைக்கும், யார் முதலில் என்பதைப் பூவா தலையா தீர்மானிக்கும். நீங்கள் யாருடைய விடையைக் கிளிக் செய்கிறீர்களோ அவருக்கு ஒரு புள்ளி. ஒரே ஆளே இரண்டையும் ஒப்பிட்டுவிடுவதால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கணக்கைக் குழப்பாது, மிகக் குறைந்த பேரிலேயே விடை தெரியும்.

ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதில் கோட்டை விட்டால் இத்தனை கணக்கும் வீண். மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கில் ஒருமுறை ஒரு கோளாறால் சோதனைக் குழுவுக்கு மோசமான விடைகள் போயின. என்ன ஆயிற்று தெரியுமா, ஆளுக்கு இத்தனை தேடல் என்ற கணக்கு 10 சதவீதத்துக்கு மேலும் வருமானம் 30 சதவீதத்துக்கு மேலும் ஏறியது! விடை கிடைக்காமல் திரும்பத் திரும்பத் தேடினார்கள், நல்ல விடை இல்லாததால் விளம்பரத்தை அழுத்தினார்கள், அவ்வளவுதான். அதனால் ஓர் ஆள் எத்தனை தடவை திரும்பி வருகிறார் என்பதையே முக்கிய அளவாக வைத்தார்கள். எனக்கு அதிலும் முழு நம்பிக்கை இல்லை, வேறு போக்கிடம் இல்லாமல் வருகிறவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறாரே.

உங்கள் தேடல் பக்கம் திடீரென்று விநோதமாக மாறியிருந்தால், லாக் அவுட் செய்து பிரவுசரில் பிரைவேட் ஜன்னல் ஒன்றைத் திறந்து அதையே தேடிப் பாருங்கள். குக்கீ எண் புதிது, பெரும்பாலும் வேறு குழுவில் போய் விழுவீர்கள்.