ஃபீல்ட் ஆர்கனைசர்: கள அமைப்பாளர்

அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘ஃபீல்ட் ஆர்கனைசர்’ என்னும் பதவிப் பெயரைக் ‘களப்பணியாளர்’ என்று பெயர்க்கத் தோன்றுவது இயல்பு. அந்தப் பெயர்ப்பு போதாது என்பது என் உறுதியான கருத்து. வீடு வீடாகச் சென்று கொசுப்புழு ஒழிப்பவரும், குடும்பக் கணக்கெடுப்பவரும், பயிர்ச்சேதத்தைப் பார்வையிடுபவரும் களப்பணியாளர்தாம். அலுவலகத்தை விட்டு வெளியே சென்று வேலை செய்பவர் என்பதற்கு மேல் அச்சொல் எதையும் சொல்வதில்லை. ஃபீல்ட் ஆர்கனைசர் என்பவரோ, தாமே வேலை செய்வதற்காக அன்றி, வேலை செய்யக்கூடியவர்களைக் கண்டெடுத்து ஒன்று சேர்ப்பதற்காகவே களத்துக்கு அனுப்பப்படுகிறவர்.

அவர் வேட்பாளர் அல்லது கட்சியின் பரப்புரைக் குழுவில் ஊதியம் பெறும் ஊழியர். பெரும்பாலும் இளவயதினராகவே இருப்பார். தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு பணியில் சேர்ந்து, வாக்குப்பதிவு முடிந்ததும் வேலையை இழப்பார். அவருக்கென்று ஒரு வட்டாரம் பிரித்துக் கொடுக்கப்படும். பகலில் அவ்வட்டாரத்து ஆசிரியர்களையும் ஓய்வுபெற்றவர்களையும் தேவாலயத்தைச் சேர்ந்தவர்களையும் தனித்தனியே சந்தித்து, அவர்களுக்கு எந்தச் சிக்கல் உறுத்துகிறது என்று கேட்டறிவார். மாலையில் தொலைபேசியில் அழைத்து, சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் ஒதுக்க இயலுமா என்று கேட்பார். வருவதாகச் சொன்னவர்களை வெள்ளிக்கிழமை மீண்டும் அழைத்து உறுதிசெய்துகொள்வார். தன்னார்வலர்கள் கதவு தட்டித் திரும்பிய பின், ஒவ்வொரு வாக்காளர் பெயருக்கும் எதிரே அவர்கள் குறித்த எண்கள் கணினியில் ஏறிவிட்டனவா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பே. 1 என்பது உறுதியான ஆதரவையும் 5 என்பது உறுதியான எதிர்ப்பையும் குறிப்பது வழக்கம். அவர் எத்தனை கதவுகளைத் தட்டினார் என்பதைவிட, எத்தனை பேரைத் தட்ட வைத்தார் என்பதைக் கொண்டே அவருடைய மேலாளர் அவரை அளக்கிறார்.

‘ஆர்கனைஸ்’ என்னும் வினையின் மூலம் கிரேக்க மொழியின் ‘ஆர்கனோன்’. கருவி என்பது அதன் பொருள். வேலை என்று பொருள்படும் ‘எர்கோன்’ என்ற சொல்லோடு உறவுடையது. உடலின் ஒவ்வொரு பகுதியும் ஒரு வேலையைச் செய்யும் கருவி என்ற எண்ணத்தில் அச்சொல் உறுப்பைக் குறிக்கலாயிற்று. இடைக்கால இலத்தீன் வழியாக, உறுப்புகளைக் கூட்டி உயிருள்ள ஒன்றாக ஆக்குதல் என்ற பொருளில் வினையாயிற்று. தமிழிலும் ஒரு சங்கத்தில் சேர்ந்தவரை ‘உறுப்பினர்’ என்றுதான் அழைக்கிறோம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சிதறிக் கிடப்பவர்களை ஓர் உடலின் உறுப்புகளாக்குபவர் ஆர்கனைசர்.

இச்சொல்லுக்கு இன்றைய அரசியல் பொருளைத் தந்தவை அமெரிக்கத் தொழிற்சங்கங்கள். சங்கம் இல்லாத சுரங்கத்துக்கும் ஆலைக்கும் அனுப்பப்பட்டு, அங்குள்ள தொழிலாளரைச் சங்கமாக்கியவர்களே ஆர்கனைசர்கள் எனப்பட்டனர். 1915இல் யூட்டாவில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த தொழிற்சங்கப் பாடகர் ஜோ ஹில், தமக்காகத் துக்கம் காத்து நேரத்தை வீணாக்காமல் ‘ஆர்கனைஸ்’ செய்யுங்கள் என்று தம் தோழருக்குத் தந்தி அனுப்பினார். 1952இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஃபிரெட் ராஸ் என்ற அமைப்பாளர், சீசர் சாவேஸ் என்ற இளைஞரைக் கண்டெடுத்தார். ஒருவர் வீட்டில் அண்டை அயலாரைக் கூட்டி, அவர்களுள் அடுத்த கூட்டத்தைத் தம் வீட்டில் நடத்த முன்வருபவரைத் தேடும் ‘வீட்டுக் கூட்ட’ முறையை ராஸிடம் கற்ற சாவேஸ், பத்தாண்டுகளுக்குப் பின் டோலோரஸ் வெர்ட்டாவுடன் சேர்ந்து பண்ணைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார்.

தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர்கள் ‘ஃபீல்ட் செக்ரட்டரி’ என்ற பெயரைச் சுமந்தார்கள். 1940களில் அப்பெயரோடு ஊர் ஊராகச் சென்ற எல்லா பேக்கர், வலிமையான மக்களுக்கு வலிமையான தலைவர் தேவையில்லை என்று கருதியவர். அவருடைய வழிகாட்டுதலில் 1960இல் பிறந்த மாணவர் இயக்கத்தின் சார்பில், பாப் மோசஸ் மறு ஆண்டே மிசிசிப்பியின் மெக்கோம் சென்று வாக்காளர் பதிவைத் தொடங்கினார். வாக்காளராகப் பதியச் சென்றதற்காகவே மக்கள் அடிபட்ட இடம் அது. இந்தப் பதவிப் பெயரை எழுதும்போது அந்த மனிதர்கள் என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

1964இல் ஹார்வர்டு படிப்பை விட்டு மிசிசிப்பி சென்ற மார்ஷல் கான்ஸ், பின்னர் சாவேஸின் சங்கத்தில் 16 ஆண்டுகள் பணியாற்றினார். 2007இல் பராக் ஒபாமாவின் பரப்புரைக் குழுவினருக்குப் பயிற்சிகளை வடிவமைத்தார். சிகாகோவில் தாமே சமூக அமைப்பாளராக இருந்த ஒபாமா, 2008 ஜனவரி 3 அன்று அயோவா மாநிலத்தில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில் பெற்ற வெற்றிக்குப் பின் கள அமைப்பாளர் என்ற பெயர் உலகெங்கும் செய்திகளில் புழங்கலாயிற்று. வாக்காளரை நேரில் சந்திக்கும் இம்முறை பயன் தரும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் முன்பே இருந்தது. 1998இல் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் ஆகியோர் ஏறத்தாழ 30,000 வாக்காளரிடையே நடத்திய சோதனையில், நேரில் சென்று பேசுவது வாக்களிப்பைத் தெளிவாக உயர்த்தியது. தொலைபேசி அழைப்புகளால் அத்தகைய பயன் தெரியவில்லை.

‘ஃபீல்ட்’ என்பதற்குக் ‘களம்’ என்பது மிகப் பொருத்தமான சொல். பரப்புரையைக் குறிக்கும் ‘கேம்பெய்ன்’ என்ற சொல்லே திறந்த வெளியைக் குறிக்கும் ‘காம்புஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்து, படை வெளியில் பாசறை அமைத்து நடத்தும் போரைக் குறித்து, பிறகு தேர்தலுக்கு ஆகியது. தமிழ்க் களமும் நெல்லடிக்கும் இடத்தையும் போரிடும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பியப் புறத்திணையியல் ஏரோர் (உழவர்) களவழியையும் தேரோர் (போர்வீரர்) களவழியையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. தொடர்பில்லாத இரு மொழிகளில் ஒரே வகையான எண்ணம் தோன்றியிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

‘ஆர்கனைசர்’ என்பதற்கு ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று சிலர் எழுதக்கூடும். அது ‘கோஆர்டினேட்டர்’ என்பதற்கு நிலைத்துவிட்டது. மேலும் ஏற்கெனவே இயங்கும் பலவற்றை இணைப்பவரையே அது குறிக்கும், இல்லாத ஒன்றை உண்டாக்குபவரை அன்று. ‘அமைப்பாளர்’ என்பதே சரியானது. அமைதல் என்றால் பொருந்துதல். அமைத்தல் என்றால் பொருந்தச் செய்து உருவாக்குதல். அமைப்பு என்பது அவ்வாறு உருவானது. தமிழ்நாட்டில் ‘சத்துணவு அமைப்பாளர்’ என்ற பதவியிலும், இலங்கைக் கட்சிகளின் ‘தொகுதி அமைப்பாளர்’ என்ற பதவியிலும் இச்சொல் ஆர்கனைசருக்கு நேராகவே வழங்குகிறது. ஆயினும் இலங்கையில் தொகுதி அமைப்பாளர் என்பவர் பெரும்பாலும் அத்தொகுதியில் கட்சியின் முகமாக விளங்கும் அரசியல்வாதி. அமெரிக்கக் கள அமைப்பாளரோ பெயர் வெளியே தெரியாத ஊழியர். ‘கள’ என்னும் அடை இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது.

வினைச்சொல்லில்தான் சிக்கல் எழும். ‘மக்களை அமைத்தல்’ என்று தமிழில் சொல்ல முடியாது; ‘மக்களைத் திரட்டுதல்’ என்றாலோ ஒரு நாள் பேரணிக்கு ஆள் சேர்ப்பதோடு பொருள் நின்றுவிடும். ‘மக்களை அமைப்பாக்குதல்’ என்று எழுதுவதே நன்று. ‘டர்ஃப்’ என்பது புல்தரையைக் குறிக்கும் சொல்லாயினும் இங்கே ஓர் அமைப்பாளரின் பொறுப்புப் பகுதி என்பதால் ‘வட்டாரம்’ போதும். சாதாரண மக்களின் நிலையைக் குறிக்கும் ‘கிராஸ்ரூட்ஸ்’ என்பதற்கு ‘அடித்தட்டு’ என்று எழுதினால் ஏழை எளியோரை மட்டும் குறித்துவிடும். ‘ஊர்மட்டம்’ என்பது எல்லாரையும் அடக்கும். ஆனால் கள அமைப்பாளர் என்றாலே ஊர்மட்டத்தில் பணிபுரிபவர் என்பது விளங்குவதால், இந்த அடையைப் பதவிப் பெயரோடு சேர்க்காமல் பணியை விவரிக்கும் இடத்தில் எழுதினால் போதும்.