ராத்திரிப் பால்பாட்டிலும் அதிகாலை ஜீப்பும்

இரண்டு வயசுப் பிள்ளையின் பல்லை நான் நாற்காலியில் படுக்க வைத்துப் பார்ப்பதில்லை. அம்மாவும் நானும் முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே உட்காருவோம். பிள்ளையின் கால்கள் அம்மாவின் இடுப்புக்கு இரண்டு பக்கமும், தலை என் மடியில். அம்மா முகத்தைப் பார்த்தபடியே அழும். அழுதால் வாய் திறக்கும், எனக்கு வேலை சுலபம். மேலுதட்டை ஒரு விரலால் தூக்கினால் போதும், பல் சொத்தை ராத்திரிப் பால்பாட்டில் செய்த வேலையா என்று தெரிந்துவிடும்.

மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி வெள்ளை. அதுதான் தொடக்கம். அடுத்து பழுப்பாகும், அப்புறம் நொய்யரிசி மாதிரி உதிரும். கீழ் முன்பற்கள் மட்டும் பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும். பாட்டிலை உறிஞ்சும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறது, எச்சில் சுரப்பதும் அந்தப் பக்கம்தான். தூங்கும்போது எச்சில் வெகுவாகக் குறைந்துவிடும். வாயில் தேங்கிய பாலைக் கழுவ ஆளில்லை. பாலிலேயே சர்க்கரை உண்டு. நாம் அதில் சீனி வேறு போடுகிறோம். 'சீனி இல்ல டாக்டர், பனங்கற்கண்டுதான்' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் நிறைய. பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பல வருஷமாகக் குழந்தைகளுக்குப் பல் பார்க்கிறேன். கீழே உள்ளவர்கள் பால்புட்டி என்பார்கள், மேலே குமுளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பால்குப்பி என்பார்கள். சொல்லும் கதை ஒன்றுதான். அம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்கி, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு, இருட்டோடு ஜீப்பில் ஏறி மலைக்குப் போய், சாயங்காலம் இடுப்பு ஒடிய வீடு திரும்புகிறவர். ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளை சிணுங்கினால் அவர் என்ன செய்வார்? தலைமாட்டில் இருக்கிற பாட்டிலை வாயில் வைப்பார். பிள்ளைக்கு அது பசியே இல்லை. அந்தப் பாட்டில் அம்மாவின் தூக்கத்துக்கு.

ஆரம்பத்தில் இது எனக்குப் புரியவில்லை. திட்டுவேன். ஒருநாள் ஒரு அம்மா நிதானமாகச் சொன்னார்: "ஒரு நா ராத்திரி எங்க வீட்டுக்கு வந்து இவனத் தூங்க வைங்க டாக்டரம்மா. காலைல பாட்டில நானே தூக்கி எறியுறேன்." கூட வந்த அப்பத்தா வேறு, "விழுகுற பல்லுதான, இதுக்கு எதுக்கு இம்புட்டு" என்றார்.

அப்பத்தாவுக்குப் பதில் சொல்வது எளிது. முன்பல் ஆறேழு வயதில் விழும், உண்மை. கடைவாய்ப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். சொத்தை முன்னால் தொடங்கிப் பின்னால் போகும். சீழ் வைத்து, வீங்கி, சோறு மெல்ல முடியாமல் போகும்.

அம்மாவுக்குச் சொல்ல ஒரு வழி தேட வேண்டியிருந்தது. இப்போது நான் சொல்வது இதுதான். மலையில் வேலை குறைந்த வாரத்தில் தொடங்குங்கள். காய்ச்சல் நேரத்தில் வேண்டாம், அடுத்த குழந்தை பிறந்த சமயத்திலும் வேண்டாம். முதல் நாளே சீனியை நிறுத்துங்கள். சாயங்காலம் டம்ளரில் பால், அப்புறம் வயிறு நிறையச் சோறு, அதன்பின் அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் வைத்துப் பல் தேய்த்தல். ராத்திரிப் பாட்டிலில் 180 மில்லி போகிறதென்றால், மூன்று நாளுக்கு ஒருமுறை 30 மில்லி பாலைக் குறைத்து அந்த அளவு தண்ணீர் சேருங்கள். இரண்டரை வாரத்தில் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீருக்காக எந்தப் பிள்ளையும் ரொம்ப நாள் எழுந்திருக்காது. (ஒரு வயதுக்குக் கீழே இதைச் செய்யவே கூடாது, பாலில் தண்ணீர் கலக்கும் வேலை அங்கே ஆபத்து.) முடிந்தால் அந்த ராத்திரிகளில் அப்பா பக்கத்தில் படுக்கட்டும். அம்மா மேல் பால் வாசனை இருக்கும், பிள்ளை விடாது.

நிப்பிளில் வேப்பெண்ணெய் தடவும் வழியை நான் சொல்வதில்லை. ஒரு பையன் அதைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குடித்தானாம்.

ஒரு வயதில் டம்ளருக்குப் பழக்கத் தொடங்கி, ஒன்றரை வயதுக்குள் பாட்டிலை விட்டுவிடுவது நல்லது. அந்த வயதில் நாளைக்கு 400, 500 மில்லிக்கு மேல் பசும்பால் தேவையில்லை. அதற்கு மேல் போனால் சோறு இறங்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, பிள்ளை வெளுத்துப் போகும். பால் பாட்டிலுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் சீர்த்தட்டில் முதலில் வந்து உட்காருவது அதுதான்! தாய்ப்பாலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

வெள்ளைக் கோட்டோடு வந்தால் ஃப்ளோரைடு பூச்சிலேயே பெரும்பாலும் மீட்டுவிடலாம். பழுப்புக் குழி விழுந்தால் அடைக்க வேண்டும், அல்லது வெள்ளி கலந்த மருந்தைத் தடவிச் சொத்தையை அந்த இடத்திலேயே நிறுத்தலாம். பல் கறுத்துப்போகும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

என்னை வீட்டுக்குக் கூப்பிட்ட அம்மா மூன்று மாதம் கழித்து வந்தார். நாலாவது ராத்திரிதான் ரொம்ப அழுதானாம், அப்பத்தாதான் தோளில் போட்டு முற்றத்தில் நடந்தாராம். மடியில் தலை வைத்ததும் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பல் கறுப்பாக, கெட்டியாக இருந்தது. இரண்டு வெள்ளை. "பாட்டில் எங்கடா?" என்றேன். அப்பத்தா முந்திக்கொண்டார்: "விளக்கெண்ணெ ஊத்தி வச்சிருக்கேன். அளவு போட்டிருக்குல்ல, வசதியா இருக்கு."