மனிதக் கிருமி மாட்டிடம் ஏன் தோற்கிறது?

பினாங்கில் பால்காரரிடம் கறந்த பால் வாங்கும் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் யாரும் தொடுவதில்லை. அந்தப் பழக்கம் தடுக்கும் கிருமிகளில் ஒன்று மைக்கோபாக்டீரியம் போவிஸ், அதாவது மாட்டுக் காசநோய்க் கிருமி. மலாயில் பாத்துக் கெரிங் என்கிறோமே, அந்த நோயை மனிதரிடம் பெரும்பாலும் உண்டாக்குவது இதன் உறவுக்காரனான டியூபர்குலோசிஸ்.

இரண்டின் மரபுத் தொடரும் 99.9 விழுக்காட்டுக்கு மேல் ஒன்றுதான். ஆனாலும் முயலுக்குப் போவிஸ் கொடுத்தால் நுரையீரல் குழி விழுந்து அழுகும். டியூபர்குலோசிஸ் கொடுத்தால் பெரும்பாலும் சிறு கட்டிகளோடு ஆறிவிடும். கினிப்பன்றியோ இரண்டுக்கும் பலியாகும். மாட்டுக் கிருமி வேறு, மனிதக் கிருமி வேறு என்று அமெரிக்க ஆய்வாளர் தியோபால்ட் ஸ்மித் 1898இல் காட்டியதற்கு முயல்தான் முக்கியச் சாட்சி.

இங்கேதான் வியப்பு. போவிஸிடம் புதிய ஆயுதம் எதுவும் இல்லை. அதன் மரபுத் தொடர் டியூபர்குலோசிஸுடையதைவிட 60,000 எழுத்துகளுக்கு மேல் குறைவு. மாறியிருப்பது மரபணுக்களை முடுக்கும் அளவு: எம்பிபி70, எம்பிபி83 என்ற புரதங்களைப் போவிஸ் அள்ளிக் கொட்டுகிறது, டியூபர்குலோசிஸ் கொஞ்சமாகவே செய்கிறது. எந்த விலங்கில் எது பலிக்கும் என்பது இப்படிப்பட்ட மாற்றங்களின் கூட்டு விளைவு.

நோயின் கடுமைக்கு இன்னொரு பகுதியும் முக்கியம். நம் வெள்ளணு கிருமியை ஒரு பைக்குள் விழுங்கி வைக்கும். ஆர்டி1 என்ற மரபுப்பகுதி தரும் புரதங்கள் அந்தப் பையின் சுவரைச் சிதைக்க உதவும். போவிஸை 1908 முதல் 1921 வரை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்தபோது ஆர்டி1 உதிர்ந்துபோனது. அப்படி வலுவிழந்த போவிஸ்தான் மலேசியாவில் பிறந்த குழந்தையின் கையில் போடும் பிசிஜி தடுப்பூசி.

சோதனையாக மாட்டுக்கு டியூபர்குலோசிஸைக் கொடுத்தால், கிருமியின் புரதத்தைத் தோலில் ஊசியால் செலுத்திப் பார்க்கும் பரிசோதனையில் தோல் தடித்துக் காட்டும். அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் கட்டி அநேகமாக இராது. அதனால் 72 மணி நேரம் கழித்துத் தோலின் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்தாலும், தொற்று உண்டா என்பதுதான் தெரியும். நோய் எவ்வளவு முற்றியது என்பது தெரியாது.

பால் ஆலையில் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி போதும். வீட்டில் வெப்பமானி இல்லையென்றால் நன்றாகப் பொங்க விடுங்கள். பலர் தவறுவது பிறகுதான்: காய்ச்சிய பாலில் பச்சைப் பாலைக் கலப்பது, பச்சைப் பாலில் உறை ஊற்றுவது. புளிப்பு இக்கிருமியை உடனே கொல்லாது.

காசநோய் என்று தெரிந்தால், பச்சைப் பால் குடித்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வழக்கமான நான்கு மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு போவிஸிடம் வேலை செய்யாது.