மாமாவின் பெயரில் கேட்கும் காசு

கிளிநொச்சியில் மென்பொருள் வேலை செய்கிறேன். பின்னேரங்களில் பெடியளுக்குக் கேம் செய்யச் சொல்லிக் கொடுப்பேன். அறிவியல் நகரில் படிக்கிறவர்கள், வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், புதுக்குடியிருப்பில் ஒரே லப்டொப்பை அண்ணனும் தம்பியும் மாறி மாறிப் பாவிக்கிறவர்கள் என்று பலர். இப்போது எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "சேர், கிக்ஸ்டார்ட்டரில் போட்டால் காசு வருமா?"

வரும். ஒரு யோசனையைக் காட்டி இணையத்தில் பலரிடம் காசு சேர்க்கும் கூட்டுநிதித் தளம் அது. ஆனால் இலங்கையிலிருந்து போட முடியாது. கிக்ஸ்டார்ட்டரில் காசு கேட்கிறவர் அவர்களுடைய பட்டியலில் உள்ள ஒரு நாட்டில் நிரந்தரமாக வசிக்க வேண்டும், அந்த நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும், 18 வயது முடிந்திருக்க வேண்டும். கனடா, பிரித்தானியா, நோர்வே, சுவிஸ் எல்லாம் பட்டியலில் உண்டு. இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை.

இதைச் சொன்னதும் அடுத்த வசனம் என்னவென்று எனக்குத் தெரியும். "ரொறன்ரோவில மாமா இருக்கிறார்."

மாமா இருப்பார்தான். வன்னியில் கிணறு கட்டவும் கல்யாணம் நடத்தவும் ஒரு மாமா எங்கேயாவது இருக்கத்தான் செய்கிறார். கேட்டால் ஓம் என்றும் சொல்லிவிடுவார். ஆனால் எதற்கு ஓம் சொல்கிறார் என்பது அவருக்கும் தெரியாது, கேட்கிற மருமகனுக்கும் தெரியாது. காசு கேட்கும் இணையப் பக்கத்தில் மாமாவின் பெயர் வந்த நிமிடத்திலிருந்து காசு கொடுத்த ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கிக்ஸ்டார்ட்டர் கடை இல்லை. கேம் வராவிட்டால் அது காசைத் திருப்பித் தராது, பொறுப்பு முழுக்கக் கேட்டவருடையது. 2014இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டமா அதிபர், ஒரு சீட்டுக்கட்டு அச்சடித்துத் தருவதாகக் கிக்ஸ்டார்ட்டரில் ஏறத்தாழ 25,000 டொலர் சேர்த்துவிட்டுக் கொடுக்காமல் விட்டவர்மீது வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பில் அவர் கட்டவேண்டி வந்தது 50,000 டொலருக்கும் மேல்.

வரி இன்னொரு பக்கம். மாமாவின் கணக்கில் விழும் காசை அந்த நாட்டு வரித் திணைக்களம் பெரும்பாலும் அவருடைய வியாபார வருமானமாகத்தான் பார்க்கும். கனடாவில் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் மாதக் காசு வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. அது குறைந்தால் மாமியின் தொலைபேசி அழைப்பு வரும், அதை எடுக்க ஆள் இருக்காது. ஆகவே கேட்பதென்றால் எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். யாருடைய காசு, யார் வரி கட்டுவது, கேம் முடியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். சொந்தத்துக்குள் கடதாசி எதற்கு என்பார்கள். சொந்தம் கெடாமல் இருக்கத்தான்.

சரி, கேமுக்கு வருவோம். பெடியள் கொண்டுவருவதில் பாதிக்கு மேல் பழைய ஆர்கேட் விளையாட்டுகளின் வழிவந்தவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வன்னியில் யாரும் ஆர்கேட் மெஷினில் நாணயம் போட்டு விளையாடி வளரவில்லை. மின்சாரம் இல்லை, டோர்ச்சுக்குப் போடும் பற்றரிக்கே தடை இருந்த யுத்த காலம் அது. இவர்களுக்கு அந்த விளையாட்டுகள் போனில்தான் அறிமுகம். பழசின்மேல் கண்மூடித்தனமான பாசம் இல்லாததால் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று துணிந்து பார்க்கிறார்கள். எனக்கு இது நல்லதாகவே படுகிறது.

அப்படி ஒரு பெடியன் கொண்டுவந்தது யானை விரட்டும் கேம். இரவு, வயல் வரம்பில் ஒருவன், கையில் டோர்ச். காட்டுப் பக்கமிருந்து யானைகள் வரிசையாக இறங்கும். வெளிச்சம் பட்டது நிற்கும், வெடி போட்டால் திரும்பும். 1978இல் ஜப்பானில் நிஷிகாடோ என்பவர் செய்த, மேலிருந்து வரிசையாக இறங்கும் எதிரிகளைச் சுடும் ஸ்பேஸ் இன்வேடர்ஸின் எலும்புக்கூடு அப்படியே உள்ளே இருக்கிறது. அந்த விளையாட்டில் எதிரிகள் குறையக் குறைய மிச்சம் உள்ளவை வேகமாக ஓடும். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் அந்தக் காலத்துச் சிப் வேகம் பிடித்ததுதான் காரணம். இவன் அதைத் தலைகீழாக்கியிருக்கிறான்: யானைகள் நெருங்க நெருங்க டோர்ச்சின் பற்றரி இறங்குகிறது.

யோசனை அருமை. குறை வேறு இடத்தில் இருந்தது. பொத்தானைத் தட்டினால் வெளிச்சம் ஒரு கணம் பிந்தி விழுந்தது. திரை நொடிக்கு 60 தடவை வரையப்படுகிறது என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 17 மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவு. இவனுடையதில் வெளிச்சம் ஏழெட்டுப் படம் கழித்து வந்தது. கண் அதை எண்ணாது, ஆனால் விரலுக்கு உடனே தெரியும். ஆர்கேட் வகையில் விற்பனைக்கு இருக்கும் ஒரே சரக்கு அந்த விரலின் உணர்வுதான். கதை, படம், பாட்டு எல்லாம் அப்புறம்.

பழைய மெஷின்கள் கடினமாக இருந்தது அடுத்த நாணயத்துக்காக. நாணயம் போன பிறகும் அந்தக் கடினத்தை அப்படியே வைத்திருப்பதில் அர்த்தமில்லை. தோற்றால் ஒரு நொடியில் மறுபடி தொடங்கவேண்டும். பக்மேனை உருவாக்கிய இவாத்தானியே 2007இல் பக்மேன் சாம்பியன்ஷிப் எடிஷனில் இதைக் காட்டினார். ஐந்து நிமிடக் கடிகாரம். பாதிப் பலகையில் உள்ள புள்ளிகளைச் சாப்பிட்டு முடித்துப் பழத்தை எடுத்தால் காலியான பாதி மறுபடி நிரம்பும். நவீனமாக்குவது என்றால் இதுதான், புது வர்ணம் பூசுவது இல்லை.

அந்தப் பெடியன் எழுதிவைத்திருந்த காசு கேட்கும் பக்கத்தைத்தான் பார்த்துத் திடுக்கிட்டேன். 5,000 டொலர் வந்தால் கேம், 10,000 வந்தால் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், 20,000 வந்தால் நிண்டெண்டோ ஸ்விட்சில் வரும், எல்லோருக்கும் ரீசேட். எல்லாவற்றையும் வெட்டச் சொன்னேன்.

கிக்ஸ்டார்ட்டரில் காசு சேர்த்த ஷவல் நைட் என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் 75,000 டொலர் கேட்டார்கள், 3,11,000க்கு மேல் கிடைத்தது. கேம் 2014இல் வந்தது, நன்றாகவும் போனது. ஆனால் மேலதிகக் காசுக்காகச் சொன்ன வாக்குறுதிகளைத் தீர்த்து முடிக்க 2019 டிசம்பர் ஆயிற்று. கேம் விற்றதால் அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அதே ஆண்டு மைட்டி நம்பர் 9 என்ற கேமுக்கு 38 லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. கண்ட கண்ட மெஷின்களில் எல்லாம் தருவதாகச் சொல்லி, தவணைக்குமேல் தவணை தள்ளி, 2016 ஜூனில் வந்தபோது காசு போட்டவர்களே திட்டினார்கள். அதைச் செய்த, கேம் உலகில் பெரிய பெயர் உள்ள இனாஃபுனேக்கே அந்த நிலை.

கணக்கையும் பாருங்கள். 250 பேர் சேர்ந்து 5,000 டொலர் போட்டால் கிக்ஸ்டார்ட்டருக்கு 5 வீதம், அதாவது 250. அட்டைப் பணம் கையாளும் கட்டணம் 3 வீதமும் ஆளுக்கு 20 சதமும் என்றால் இன்னொரு 200. சிலருடைய அட்டை கடைசியில் வேலை செய்யாது. மிச்சத்தில் கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோவுக்கு ரீசேட் அனுப்பினால் தபால் செலவே ரீசேட் விலையைத் தாண்டிவிடும். கையில் தொடும் பரிசு எதுவும் வேண்டாம். கேம், பெயர்ப் பட்டியலில் ஓர் இடம், ஒரு யானைக்குப் பெயர் வைக்கும் உரிமை, போதும். இலக்கை எட்டாவிட்டால் ஒரு சதமும் வராது, ஆகவே இலக்கைச் சிறிதாக வையுங்கள். அதற்காக வேலைக்கே காணாத தொகையாகவும் வைக்கவேண்டாம்.

பக்கம் திறந்த அன்றே குறுஞ்செய்திகள் குவியும். "உங்கள் திட்டத்தை ஆயிரக்கணக்கானவர்களிடம் சேர்க்கிறோம், முற்பணம் மட்டும்" என்பார்கள். ஒருவருக்கும் பதில் போடாதீர்கள். ஒரே ஆள் பெரிய தொகை போட்டு, முடிவுக்கு முதல்நாள் மீட்டுக்கொள்வதும் நடக்கும். அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

கூட்டுநிதியே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு பாதை இருக்கிறது. கேம் செய்ய உதவும் கோடோ என்ற மென்பொருள் முழுக்க இலவசம். கணினிக் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டொலர் கட்டினால் கடை திறக்கலாம், 1,000 டொலர் விற்ற பிறகு அந்த நூறு திரும்பிவிடும். விற்பனையில் 30 வீதம் அவர்களுக்கு. இதற்கு மாமா தேவையில்லை. ஆனால் ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியவர் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஆர்கேட் கேம் ஒன்றரை மணி நேரத்தில் அலுத்துவிட்டால் அந்தக் காசும் கையில் தங்காது. யானை கேமில் இப்போது நாங்கள் மினக்கெடுவது இதில்தான்: பதினைந்தாவது இரவிலும் ஆடுகிறவன் இன்னொரு தடவை என்று பொத்தானைத் தட்ட என்ன வேண்டும்? பற்றரி இறங்கும் வேகத்தை ஒவ்வொரு இரவும் மாற்றிப் பார்க்கிறோம்.